ஜெபத்தில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னவை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது வயசும் ஆகிவிட்டதால் முன்னால் நடந்தது பின்னால் வந்து நிற்கிறது, சிலது வராமலே போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். சபையை நடத்துவதில் கற்ற பாடங்களைப் பற்றி, போதகர்மார் படிக்கிற ஒரு சின்னப் புத்தகத்துக்கு எழுதித் தரும்படி எங்கள் பாஸ்டரைக் கேட்டிருக்கிறார்கள். அவரோ, "நான் கத்துக்கிட்ட பாடமே நீங்கதான் பெரியம்மா, நீங்களே எழுதிருங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். (இந்த மனுஷருக்குப் பொறுப்பைக் கொடுக்கத் தெரியும். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்கத்தான் தெரியாது.)

நான் பயந்தவள். இறங்குகிற இடம் வந்துவிட்டது என்று கண்டக்டரிடம் சொல்லப் பயந்து, அடுத்த ஊர் வரைக்கும் போய் வெயிலில் நடந்து திரும்பியவள். எடப்பாடிக்குப் பக்கத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறது எங்கள் சபை. அங்கே நான் எப்போதும் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.

பேசாதவளாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. எல்லாரும் நம்மிடம் வந்து கொட்டுவார்கள். கொட்டி முடித்ததும், "யாருட்டயும் சொல்லிராதீங்கக்கா, ஜெபத்துல மட்டும் வச்சுக்கங்க" என்பார்கள். இது எங்கள் சபையில் ஒரு வழக்கம். நானும் தலையை ஆட்டுவேன். எழுதி வைக்கிற பழக்கம் இல்லாததால், விடிந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து, சபைக் கதவுக்கு எதிர்வீட்டில் ஆரம்பித்து, தெருவில் நடந்துபோகிற மாதிரி வீடு வீடாக ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டு போவேன். ஒரு வீட்டையும் விட மாட்டேன்.

பாஸ்டர் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். சபையைக் கூட்டிப் பெருக்குவது, மைக் கட்டுவது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, ஒழுகுகிற ஓட்டின்மேல் ஏறுவது எல்லாம் அவர்தான். ஒருமுறை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் போதகர்களுக்குத் தலைமைத்துவ வகுப்பு என்று போய்வந்தார். வந்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "தலைவன் எல்லாத்தையும் தானே செய்யக் கூடாது, முன்னால வராதவங்கள முன்னால கொண்டு வரணும்னு சொல்லிக் குடுத்தாங்க" என்றார். தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். "அதனால ஆண்டு விழாவுல ஆரம்ப ஜெபம், நம்ம ராகேல் பெரியம்மா."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பை மறுபடி மறுபடி போட்டேன். வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, நீ என்ன கலெக்டர்கிட்டயா பேசப் போற? ஆண்டவர்கிட்டத்தான? கண்ண இறுக்கி மூடிக்க. அங்க ஒருத்தரும் இல்லீன்னு நெனச்சுக்க" என்றார். (பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த யோசனைதான் காரணம் என்று நான் சொல்கிறேன். அவர் ஒத்துக்கொள்வதில்லை.)

விழாவுக்கு முந்தின வாரம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பாஸ்டரம்மா அழுதுவிட்டது.

"இந்த விழாவோட அவரு வேற ஊருக்குப் போயிரலாம்னு இருக்காரு பெரியம்மா. தாங்க முடியல. சபைப் பொறுப்பப் பாக்கற ரெண்டு மூப்பருங்களும் பேசிக்கறதில்ல. ஒருத்தர் தொட்டத இன்னொருத்தர் தொடறதில்ல. கடைசில எல்லாம் இவரு தலையிலதான் விழுது. யாருட்டயும் சொல்லிராதீங்க. ஜெபத்துல மட்டும் வச்சுக்குங்க."

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெற்ற பிள்ளைபோல் பக்கத்தில் படுத்துக் கிடந்தவர் அந்தப் பையன். அவர் போய்விட்டால் அந்தச் சபைக்குள் நான் எப்படிக் கால் வைப்பேன்? மேடைப் பயத்தோடு இந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

விழாவுக்கு அந்த ஃபேர்லேண்ட்ஸ் வகுப்பை நடத்திய பெரிய போதகரே வந்திருந்தார். நான் நாலு வரி மனப்பாடம் செய்திருந்தேன். இந்த நாளுக்காக நன்றி, வந்தவர்களை ஆசீர்வதியும், பிரசங்கத்தை ஆசீர்வதியும், ஆமென். அவ்வளவுதான். மைக்கைக் கையில் வாங்கினேன். அது கீ என்று ஒரு கத்துக் கத்தியது. நாலு வரியும் பறந்தது.

கண்ணை இறுக்கி மூடினேன். ஒருத்தரும் இல்லை. இருட்டு. பழகின மாடு தானாக வீட்டுக்கு வருவதுபோல, என் நாக்கு பழகின தெருவுக்குள் நுழைந்தது.

"ஆண்டவரே, எதுத்த ஊட்டுத் தங்கராசு மூப்பர நெனச்சருளும். சக்கரை ஏறிக் கெடக்குது. வாக்கிங் போறேன்னு ஊட்டுல சொல்லீட்டு பேக்கரியில தேங்கா பன்னு திங்கறாரு. அவரு காலக் காப்பாத்தும்."

"ஆமென்" என்று ஒரு குரல் ஓங்கிக் கேட்டது. அது மூப்பரின் சம்சாரம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"அடுத்த ஊட்டுச் செல்விக்குப் பொறுமையக் குடும். மருமக வெக்கற சாம்பாரு வாயில வெக்க முடியல. ஒரு நாளு நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டு தெனமும் அதையே திங்குது."

இப்படியே ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போனேன்.

"கடைசி ஊட்டு யோவான் மூப்பரும் தங்கராசு மூப்பரும் பேசிக்கறதில்ல. ரெண்டு பேரும் தனித்தனியா வந்து, நானாப் போயிப் பேசுனா அவன் சிரிச்சுருவான்னு சொல்றாங்க. யாரு சிரிப்பாங்கன்னு உமக்குத்தான் தெரியும். அப்பறம் நம்ம பாஸ்டரு. இந்த விழாவோட ஊர உட்டே போகப் போறாரு ஆண்டவரே. தொடப்பமும் அவரு கையில, மைக்கும் அவரு கையில. ஒருத்தரும் வாங்க மாட்டீங்கறாங்க. அவரு போயிட்டா எங்களுக்கு ஆரு இருக்கா?"

சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஆமென் வரவில்லை. பக்கத்துத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். அத்தனை பேரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்கை எங்கே வைத்தேன் என்று தெரியாது. சமையல் கொட்டகையில் பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். பெரிய போதகர் நல்ல தலைவனுக்கு வேண்டிய குணங்களை வரிசையாகச் சொல்வது கேட்டது. கேட்க ஆள் இல்லை. சபை முழுக்கக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது. ஊரைவிட்டுப் போவதானால் எனக்கு எந்த பஸ் சரிப்படும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். (அதிலும் கண்டக்டர் இருப்பாரே.)

பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டரம்மா வந்தது. கண் சிவந்திருந்தது.

"பெரியம்மா, யாருட்டயும் சொல்லிராதீங்கன்னு சொன்னேன்ல."

"ஜெபத்துலதானுங்க வெச்சேன்" என்றேன்.

பாஸ்டரம்மா என்னையே பார்த்தது. பிறகு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பின்னாலேயே பாஸ்டர் வந்தார். அவருக்குப் பின்னால் தங்கராசு மூப்பர். அடிக்கத்தான் வருகிறார் என்று தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டேன். அவரோ என்னைத் திரும்பியும் பார்க்காமல் பாஸ்டர் முன்னால் கையை நீட்டினார்.

"மைக் பெட்டிச் சாவியக் குடுங்க."

"இல்லீங்க மூப்பரே, நானே..."

"குடுங்கறேன். முடியலீன்னா வாயத் தொறந்து சொல்லோணும். சொல்லாமப் போறது என்ன பழக்கமுங்க?"

அப்போது துடைப்பத்தோடு யோவான் மூப்பர் உள்ளே வந்தார். "ஏப்பா தங்கராசு, பன்னு தின்ன கையோட மைக்கத் தொடாத. எறும்பு வந்துரும்."

தங்கராசு மூப்பர்தான் முதலில் சிரித்தார். பாஸ்டர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தத் துண்டை வெகுநேரம் எடுக்கவில்லை.

அவர் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் பாஸ்டர் அவர்தான். "வேலையப் பிரிச்சுக் குடுன்னு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க பெரியம்மா. என்னால முடியலன்னு சபைக்கிட்டச் சொல்ல நான்தான் பயந்துட்டேன்" என்று பிறகு ஒருநாள் சொன்னார். இந்த விஷயத்தில் அவரும் என்னைப் போலத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. போதகர்மாருக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பேசாதவர்கள் கையில் மைக்கைக் கொடுக்குமுன், அவர்களோடு ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

எல்லாம் நல்லதாக முடிந்தது என்று சொல்ல முடியாது. செல்வி வீட்டு மருமகள் சாம்பார் வைப்பதையே விட்டுவிட்டாள். செல்வி கிறிஸ்துமஸ் வரைக்கும் என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடுமுன் நான் கண்ணை மூடினால் போதும், "சோத்துக்கு மட்டும் சொல்லு புள்ள, தெருவுக்குள்ள போயிராத" என்கிறார் வீட்டுக்காரர். சபையாரோ இன்னும் என்னிடம்தான் வந்து கொட்டுகிறார்கள். ஆனால் ஆரம்பிக்கும்போதே, "அக்கா, இது ஜெபத்துக்கு இல்லீங்க, சும்மா சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

பாஸ்டரம்மா இதை ஒருமுறை படித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அது தேங்காய் பன்னா, கிரீம் பன்னா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. செல்வி பேசாமல் இருந்தது கிறிஸ்துமஸ் வரைக்குமா, ஈஸ்டர் வரைக்குமா என்பதும் நினைவில்லை. இன்னொன்று, முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது. எல்லார் பெயரையும் உள்ளபடியே எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் யாராவது மாற்றிவிடுங்கள். அதுவரைக்கும் நான் தூணுக்குப் பின்னால்தான் இருப்பேன்.