லூப்புல இறங்கின மாமனார்

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். தங்கச் சுரங்கம் இருந்த எங்க ஊரு கோரமண்டல்ல சர்ச் விளையாட்டு விழா. லெமன் ஸ்பூன் போட்டிக்கு வர்றவங்க பேரையும் வயசையும் எழுதிக்கணும்.

நோட்டுல எழுதியிருக்கலாம். ஆனா நான் பெர்ல் புரோகிராம் கத்துக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சே! பெங்களூரு டிரெயின்ல உக்காந்தே ஒண்ணு எழுதிட்டேன். பேர் கேக்கும், வயசு கேக்கும், லிஸ்ட் போடும்.

பர்ஸ்ட் பிரைஸ் பிரஷர் குக்கர். போட்டி நாப்பது வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மட்டும். எனக்கு முப்பத்தெட்டு. "இந்த வாட்டி குக்கரோடதான் வீட்டுக்கு வருவேன்"னு பொண்டாட்டி ஸ்டெல்லாகிட்ட சவால் விட்டிருந்தேன். கல்யாணம் ஆனதுலேந்து நான் ஒரு சோப்பு டப்பாகூட ஜெயிச்சதில்ல.

மொதல்ல வந்த ஆளு வயசுன்ற இடத்துல "36 முடிஞ்சி 37 நடக்குது"ன்னு அடிச்சாரு.

நம்ம ஊர்ல வயசு அப்படித்தான் நடக்கும். உடனே ஒரு லூப் போட்டேன். வெறும் நம்பர்தான் வரணும், அதுவும் நாப்பதுக்குக் கீழ. இல்லன்னா "தப்பு! 40க்குக் கீழே போடவும்"னு திரும்பத் திரும்பக் கேக்கும். சரியா போடற வரைக்கும் ஆளை விடாது. இன்னா மூளைடா எனக்கு!

அந்தப் பெருமையில டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா லேப்டாப் முன்னால என் மாமனார். அந்தக் காலத்துல சுரங்கத்துல வேலை பாத்தவரு. வயசு அறுபத்தொண்ணு.

"இன்னா மாமா பண்றீங்க?"

"பேர் குடுக்க வந்தேன் மாப்ள. 61 போட்டேன், தப்புன்னுச்சி. 60 போட்டேன், அதுவும் தப்பு. வெளிய விட மாட்டேங்குது! சரின்னு சுரங்கத்து கேஜ் லிப்ட்ல போற மாதிரி ஒவ்வொரு லெவலா இறங்கினேன். 39ல நன்றின்னு சொல்லி விட்டுடுச்சி."

"ஐயோ மாமா, இது நாப்பதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு!"

"அதான் இறங்கிட்டேனே!"

சர்ச் செக்ரட்டரிகிட்ட ஓடினேன். அவரு லிஸ்டைப் பாத்தாரு.

"கம்ப்யூட்டரே ஒத்துகிச்சி, உனக்கு இன்னாபா? புரோகிராம் நீதான எழுதின?"

வாயில ஸ்பூனோட போட்டி ஆரம்பிச்சுது. நாலாவது அடியில என் எலுமிச்சம்பழம் உருண்டு பாஸ்டர் கால்கிட்ட போய் நின்னுச்சு. மாமனார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்காம, ஷிப்ட்டுக்குப் போற மாதிரி நிதானமா நடந்து கோட்டைத் தாண்டிட்டாரு.

குக்கர் எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. பொண்ணுக்குச் சீர்னு அவரே கொண்டாந்து குடுத்தாரு. எனக்கு வெக்கமா இருந்துச்சு. சாம்பார் நல்லா இருந்துச்சு.

அந்த லிஸ்ட் இன்னும் சர்ச் நோட்டீஸ் போர்டுல தொங்குது. அதுப்படி என் மாமனார் என்னைவிட ஒரு வயசுதான் பெரியவரு.