சைரன் அக்காவின் குடை

எங்கள் விடுதியில் பயத்தைச் சோறு போட்டு வளர்த்தவர் என்றால் அது சைரன் அக்கா ஒருவர்தான். பல்லிக்கு அலறுவார், லிஃப்டுக்கு அலறுவார், விரிவுரையாளர் வாட்சாப்பில் வெறும் ஹலோ போட்டால்கூட அலறுவார். குரங்குகளுக்குப் பயந்து குடையில்லாமல் வெளியே வரமாட்டார். மலேசியாவின் கோலா சிலாங்கூர் பக்கத்துக் குரங்குகளோ அந்தக் குடையைப் பார்த்துத்தான் கிட்டவே வரும்.

நான் சுங்கை சோ என்ற சிற்றூரிலிருந்து மார்ச் மாதம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். மற்றவர்கள் அக்டோபரிலேயே வந்து, அறிமுக வாரத்தில் ஆடிப்பாடி, ஆளுக்கொரு கூட்டாளியைப் பிடித்து முடித்திருந்தார்கள். நான் பையைக்கூடப் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அப்பா பார்க்க வரும்போது அவரோடு ஒரேயடியாக ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு; அவரிடமும் சொல்லிவிட்டேன்.

அறை வாசலில் முதலில் ஒரு குடை எட்டிப் பார்த்தது. பின்னால் அக்கா.

"மார்ச் இன்டேக்கா? நானும் அப்படி வந்தவதான். கேன்டீனுக்குப் போனியா?"

"இல்லக்கா. பயமா இருக்கு."

"எனக்கும்தான் லா! மூனு வருசமாச்சு, இன்னும் தனியா தட்டத் தூக்கிட்டு நிக்க முடியல. வா, சேர்ந்து பயப்படலாம்."

கேன்டீனில் யாரோ கரண்டியைக் கீழே போட, அவர் அலறித் துள்ளியதில் தே தாரே தேநீர் பாதி தரையில் போனது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, நானே துணி கேட்டு வாங்கித் துடைத்தேன். நூலகத்திலும் இதே கதைதான். அவரைச் சமாதானப்படுத்தவே பொழுது சரியாக இருந்தது. நான் பயப்பட நேரமே கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டுட்டோரியல் வகுப்பு. அன்றைக்குள் ஒரு குழுவில் சேராவிட்டால் அந்தப் பாடம் அவ்வளவுதான். குழுக்களோ பழைய கூட்டாளிகளுக்குள்ளேயே அமைந்துவிட்டன. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்பா வந்தால் போதும் என்றிருந்தது.

திடீரென்று, துணைக்கு வந்திருந்த அக்கா குடையோடு உள்ளே நுழைந்துவிட்டார். அவர் வேறு துறை, அதுவும் கடைசி வருடம்! முப்பது பேர் முன்னால் நின்று, தனக்குக் குழு இல்லை, யாராவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மலாய் மொழியில் கீச்சுக்குரலில் கெஞ்சினார்.

நான் உள்ளே ஓடினேன். "இவருக்கு இல்லை, எனக்குத்தான் குழு இல்லை!" என்று நானும் மலாயிலேயே கத்தினேன். வகுப்பே சிரித்தது. ஓரத்து மேசையில் ஒரு பெண் எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வகுப்பு முடிந்து வந்தால், அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சூப்பரா நடிச்சீங்கக்கா!"

"யாரு லா நடிச்சா? அப்பயிருந்து எந்திரிக்க முடியல. கையக் குடு."

அந்தக் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டு, நான் ஊருக்கு வரவில்லை, என்னைப் பார்த்துவிட்டு மட்டும் போங்கள் என்று சொன்னேன். விடுதி வரை அக்காவின் கையை நான் விடவில்லை. வழியில் குரங்குகளைப் பார்த்துக் குடையை ஓங்கியதும் நான்தான்.