தத்துப் பவளத்துக்கு வயது ஏழு

"ஷமூன்! உன் டென்மார்க் ஜோடி வந்திருக்குடா! அவங்க பிள்ளையப் பார்க்கணுமாம்!" படகோட்டி முத்தலிப் துறையிலிருந்து கத்தினார்.

ஷமூன் கடித்துக்கொண்டிருந்த ரொஷி ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தான்.

ஏழு வருடத்துக்கு முன் தேனிலவுக்கு வந்த டோர்பனும் லிஸ்பெத்தும், விடுதிக்கு எதிரே கடலடியில் இரும்புக் கூண்டில் கட்டி வளர்க்கும் பவளக் கன்று ஒன்றைத் தத்தெடுத்து, பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டுப் போனார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் படத்தை அனுப்புவது முக்குளிப்பு வழிகாட்டி ஷமூனின் வேலை. இரண்டாம் வருடமே கடல் சூடேறி, கன்று வெளுத்துச் செத்துப்போயிற்று. அதை எப்படிச் சொல்வது? பக்கத்துக் கூண்டைப் படமெடுத்து, 'உங்கள் காதலைப் போலவே செழிக்கிறது' என்று எழுதி அனுப்பினான். அங்கிருந்தும் உருகி உருகிப் பதில் வந்தது. பவளம் வளர்ந்ததோ இல்லையோ, பொய் நன்றாகவே வளர்ந்தது.

"இன்னொரு புகார் வந்தா உன்னை மீன் வெட்ட அனுப்பிடுவேன்னு முதலாளி சொல்லியிருக்கார்ல?" என்றார் முத்தலிப்.

"நல்ல நேரத்துல ஞாபகப்படுத்துறீங்கண்ணே!"

ஷமூன் கடலில் குதித்தான். செத்த கூண்டிலிருந்த பலகையைக் கழற்றிப் பக்கத்துக் கூண்டில் மாட்டினான். அங்கே இருந்த பலகையைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டான். அது முதலாளியின் மாமியார் ஸன்ஃபாவின் பலகை.

கரையேறினால், அதே ஸன்ஃபா தலைமுதல் கால்வரை மூடிய நீச்சல் உடுப்பில் நிற்கிறார்.

"வாடா, என் பவளத்தைக் காட்டு. போன மாசமே காட்டுறேன்னே."

"இன்னைக்கு நீரோட்டம் சரியில்ல மாமி."

"நான் இந்தத் தண்ணியில பொறந்தவ. எனக்கே நீரோட்டம் சொல்றியா?"

மறுபடி குதித்தான். ஸன்ஃபாவின் பலகையை அதே கூண்டின் மேற்குப் பக்கம் கட்டினான். டென்மார்க்கைக் கிழக்கிலிருந்து இவன் கூட்டிவருவது, மாமியை மேற்கிலிருந்து முத்தலிப் இறக்கிவிடுவது என்று ஏற்பாடு.

லிஸ்பெத் முன்பைவிடக் குட்டையாகத் தெரிந்தார். ஏழு வருடக் குடித்தனம் யாரைத்தான் அமுக்காது என்று ஷமூன் விட்டுவிட்டான்.

டோர்பன் மூழ்கிப் பலகையைப் பார்த்தார். மேலே வந்தவர், உணர்ச்சி தாங்காமல் மனைவிக்கு முத்தம் கொடுத்தார். சரியாக அந்த இடத்தில் ஸன்ஃபாவின் தலை எழும்பியது.

"அடச்சீ! என் பவளத்துக்கு மேல என்னடா கூத்து இது?"

"என்ன சொல்றாங்க?" என்றார் டோர்பன்.

"நீங்க ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்னு துவா செய்றாங்க."

டோர்பன் கண்கலங்கி மாமியைக் கட்டிப்பிடித்தார். ஸன்ஃபா கால்துடுப்பைக் கழற்றி அவர் மண்டையில் ஓங்கி ஒன்று போட்டார்.

"இது?"

"இதுவும் ஆசீர்வாதம்தான். பெரியவங்க ரொம்பப் பிடிச்சவங்களுக்குத்தான் செய்வாங்க."

திரும்பும் படகில், வீங்கிய மண்டையைத் தடவிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார் டோர்பன். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு ஷமூனால் பொய்யைத் தொடர முடியவில்லை. மீன் வெட்டினாலும் பரவாயில்லை என்று, பின்னால் இருந்த அவர் மனைவியிடம் போனான்.

"மன்னிச்சிடுங்க மேடம். அது உங்க பவளம் இல்ல. உங்களுது ரெண்டாவது வருஷமே போயிடுச்சு. உங்க மனசு உடைஞ்சிடுமேன்னு வேற ஒண்ணைக் காட்டிட்டு இருந்தேன்."

அவர் டோர்பனை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நீங்க எழுதுற கடிதத்தைப் படிச்சுட்டு, உங்க மனசு உடைஞ்சிடுமேன்னுதான் அவரும் மறைச்சிட்டிருக்கார். லிஸ்பெத்தும் ரெண்டாவது வருஷமே அவரை விட்டுப் போயிட்டா. என் பேரு பிர்கிட்டே."