கண்ணைக் கட்டி அனுப்பிய குதிரை

புதுக்கோட்டை மாவட்டத்தில் வைக்கப்பிரி கட்டாத சாமான் என்று ஒன்று கிடையாது. அவன் விட்டுவைத்தது திருமயம் கோட்டை ஒன்றைத்தான். அதையும் வெளியூருக்கு அனுப்ப இதுவரை யாரும் புக்கிங் போட வரவில்லை, அதனால் தப்பித்து நிற்கிறது.

வைக்கப்பிரி என்பது அவன் பெயரல்ல. உண்மைப் பெயர் எங்கள் லாரி ஆபீஸில் யாருக்கும் தெரியாது. ஆதார் அட்டையில் இருக்கும். அந்த அட்டையைப் பத்திரமாக எதற்குள்ளோ வைத்துக் கட்டிவிட்டு, எதற்குள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். ஆள் பார்க்க, வைக்கோலை முறுக்கிக் கயிறு திரித்தது போலவே ஒல்லியாக, ஒரு பக்கம் திருகிக்கொண்டு இருப்பான். பேசும்போதும் டீ குடிக்கும்போதும் விரல்கள் பிரி திரித்துக்கொண்டே இருக்கும். அதனால் வந்த பெயர். நான் அதே ஆபீஸில் மூட்டை தூக்கியவன். முதுகு போன பிறகு வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற லாரிக்கு ‘ரைட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி’ சொல்கிறேன். லாரி வராத நேரத்தில் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். லாரி அதிகம் வருவதில்லை.

அவனிடம் வருவதெல்லாம் கோணல் சாமான். அரிமளம், ராயவரம் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது யானைத் தலை வைத்த தூண், ஆளுயர நிலைக்கண்ணாடி, பூசணிப் பூ போல வாய் விரிந்த குழாய் வைத்த கிராமபோன் என்று வரும். பழைய சாமான் சேர்க்கும் கிறுக்குப் பிடித்தவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு போனிலேயே பார்த்து வாங்கிவிடுவார்கள். வாங்குவது சுலபம். ஒரு பக்கம் வயிறும் ஒரு பக்கம் வாலும் நீட்டிக்கொண்டிருக்கிற பொருளை எந்தப் பெட்டியில் அடைப்பது என்ற கேள்வி மட்டும் வைக்கப்பிரியிடம் வந்து சேரும்.

சாமானை இறக்கியதும் அவன் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

“இதுக்கு எங்க வலிக்கும்?”

“மரத்துக்கு என்னய்யா வலி?” என்பார் கொண்டுவந்தவர்.

“வலிக்கும்ங்க. எந்த எடம் மொதல்ல ஒடையப் போகுதோ, அந்த எடம் இப்பவே வலிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். நீங்க கேட்டதில்ல, அதான் அது சொல்லல.”

பிறகு கட்டைவிரலால் அங்கங்கே அமுக்கிப் பார்ப்பான். காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றை டாக்டர் அமுக்குவது போல. வலி கண்டுபிடித்த இடத்தில் சாக்கும் வைக்கோலும் வைத்துப் பிரி சுற்றுவான். மிச்ச இடத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டான்.

கட்டி முடித்ததும் இன்னொரு பழக்கம் இருந்தது. லாரித் தட்டு உயரத்திலிருந்து அந்தப் பெட்டியைச் சொந்தக்காரர் கண் முன்னாலேயே கீழே தள்ளுவான். காரைக்குடிப் பக்கத்து முதலாளி ஒருவர் தன் தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை விழுவதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியைப் பிரித்துக் காட்டினான். ஊஞ்சலுக்கு ஒரு கீறல் இல்லை. முதலாளிக்குத்தான் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

“போற வழியில எவனாச்சும் தள்ளத்தானே போறான். நம்மளே தள்ளிப் பாத்துட்டா மனசு நிம்மதி பாருங்க” என்றான்.

இந்த நிம்மதி ஒரு நிலைக்கண்ணாடி வரைக்கும் நீடித்தது. தள்ளினான். உள்ளே சலசலவென்று மழை பெய்த சத்தம். பெட்டியில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

“அண்ணே, கண்ணாடிக்கு மட்டும் இந்தச் சோதன ஒத்து வராது போலருக்கு.”

கண்ணாடிக்காரர் அவனை ஆபீஸைச் சுற்றித் துரத்தினார். அதற்குப் பிறகு தள்ளுவதை விட்டுவிட்டான்.

செலவைக் குறைப்பதில் அவனுக்கு நிகர் அவன்தான். லாரி ஆபீஸில் எடை குறைவாக இருந்தாலும் இடம் அடைத்தால் அதற்கு வாடகை உண்டு. நீளம், அகலம், உயரம் என்று எங்கள் கிளார்க் டேப் பிடித்து அளப்பார். காலி இடத்துக்குக் காசு கொடுப்பது பாவம் என்பது வைக்கப்பிரியின் கட்சி. ஒரு தடவை சென்னைக்குப் போக வேண்டிய கிராமபோன் வந்தது. குழாயைக் கழற்றினான். அவ்வளவு பெரிய வாய் சும்மா போகிறதே என்று அவனுக்குத் தாங்கவில்லை. கிராமபோன்காரரின் அம்மா பேரன் பேத்திகளுக்குச் சுட்டு வைத்திருந்த முறுக்கையும் அதிரசத்தையும் வாங்கிக் குழாய்க்குள் அடைத்தான். சுற்றிலும் வைக்க ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஓசியில் வாங்கிவந்த தெர்மாகோலை உடைத்துப் போட்டான். அது மீன் ஐஸ் பெட்டித் தெர்மாகோல்.

கிராமபோன் நெளிவில்லாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் சென்னையிலிருந்து வந்த போனை நான்தான் எடுத்தேன்.

“ஏங்க, பிளேட்ட போட்டா பாட்டு வருது, கூடவே வஞ்சிர வாடையும் வருது. தெருவுல உள்ள பூன பூராவும் எங்க வீட்டு வாசல்ல ஒக்காந்து பாட்டுக் கேக்குது. முறுக்கத் தின்ன பிள்ளைங்க அது மீன் முறுக்கான்னு கேக்குது.”

வைக்கப்பிரியிடம் சொன்னேன். அவன் முகம் வாடவில்லை. “ஒடஞ்சுச்சான்னு கேட்டீங்களா?” என்றான்.

இப்படிப்பட்டவனிடம்தான் அமலோற்பவம் டீச்சர் அந்தக் குதிரையைக் கொண்டுவந்தார்.

டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் ஆவூர்ப் பக்கத்தில் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். சார் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். மண் குதிரை, மண் காளை என்று வீடு நிறையச் சேர்த்து வைத்திருந்தார். சாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டது. கோயம்புத்தூரில் இருக்கிற மகன் தன் பிளாட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். போன நாளிலிருந்து சார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். டீச்சர் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார். மூன்றாவது வாய்க்குப் பல்லைக் கடித்துக்கொள்வார். வாடகை வீட்டைக் காலி செய்ய வந்த டீச்சர், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒரே ஒரு குதிரையை மட்டும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். என் மார்பு உயரம் இருந்தது. உருளி போல வயிறு, பானை அடுக்கியது போல நாலு கால், விடைத்து நிற்கிற காது. அறந்தாங்கிப் பக்கத்து வேளார் ஒருவர் செய்தது. அவர் இப்போது இல்லை, அதனால் இன்னொன்று செய்யச் சொல்லவும் முடியாது.

“பையன் அத அங்கேயே யாருக்காச்சும் குடுத்துட்டு வாம்மாங்குறான்” என்றார் டீச்சர். “நாலு பார்சல் ஆபீஸ்ல கேட்டுட்டேன், மண்ணு சாமான் எடுக்க மாட்டேங்குறாங்க. இவரு காலைல எந்திரிச்சா மொதல்ல இது மூஞ்சியத்தான் பாப்பாரு. சட்டையக் கழட்டி இது கழுத்துலதான் போடுவாரு. இதப் பாத்தாலாவது இங்கிட்டுத் திரும்புவாரான்னு ஒரு நப்பாச. ஒடஞ்சு போய் நின்னா, அதோட அவரும்...” முந்தானையால் குதிரையின் மூக்கைத் துடைத்தார்.

வைக்கப்பிரி குதிரையை நாலு பக்கமும் சுற்றி வந்து அமுக்கினான். “காலு வலிக்கும். அத நான் பாத்துக்குவேன். காதுதான் டீச்சர் ரொம்ப வலிக்கும்” என்றான்.

மூங்கிலில் ஒரு சட்டம் கட்டினான். சாக்கைத் தைத்துத் தொட்டில் மாதிரி ஆக்கி, குதிரையின் வயிற்றை அதில் தொங்கவிட்டான். கால்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன. இடுக்கில் கடலைத் தோலை இறுக்கி அடைத்தான். எல்லாம் சரி. ஆனால் கழுத்துக்கு மேலே தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“ஏய்யா, தலைய மூடல?”

“தலைக்குமா பொட்டி போட்டா ஒசரம் கூடிரும்ணே, டீச்சருக்கு வாடக எகிறிரும்.”

“தூக்கிப் போட்டுருவாங்களேய்யா. அந்த கிளாஸ் படம் போட்ட ஸ்டிக்கராச்சும் ஒட்டு.”

“அதப் பாத்து எவன்ணே மெதுவா வச்சிருக்கான்? நீங்க வச்சீங்களா?”

நான் பள்ளிக்கூடம் போகாதவன். அந்தக் காலுயர்ந்த கிளாஸ் படத்தைப் பார்த்துப் பல வருஷம் அது பிராந்திப் பெட்டி என்றே நினைத்து, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று நன்றாகக் குலுக்கிப் பார்த்திருக்கிறேன்.

வைக்கப்பிரி ஒரு புது வெள்ளைத் துண்டை எடுத்து, குதிரையின் இரண்டு காதையும் சேர்த்து அணைத்தாற்போலக் கண்ணைச் சுற்றிக் கட்டினான். கீரமங்கலத்திலிருந்து பூ வண்டி வந்திருந்தது. அதில் ஒரு மாலை வாங்கிக் கழுத்தில் போட்டான். வேலை முடிந்தது என்று கையைத் தட்டினான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் வேண்டாம். புரவி எடுப்பில் அய்யனாருக்குப் போகிற மண் குதிரையை இப்படித்தான் கண்ணைக் கட்டி, தோளில் தூக்கிப் போவார்கள். கோயிலில் போய்த்தான் கட்டை அவிழ்த்துக் கண் திறப்பார்கள். அதுவரை பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போவது போலத்தான் நடப்பார்கள்.

“ஏய்யா, அவங்க வேதக்காரங்க. இது சாமிக்குப் போற குதிரையும் இல்ல. பொய் சொல்லலாமா?” என்றேன்.

“நான் சாமி குதிரன்னு வாயத் தெறந்து சொன்னனா? வழியில தூசி விழாம கண்ணக் கட்டினேன். டீச்சர், ஒங்களுக்கு ஏதும் சங்கடமா?”

“நல்லபடியா போய்ச் சேந்தாப் போதும்யா. எங்க சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார் டீச்சர்.

லாரியில் ஏற்ற ஆட்கள் வந்தார்கள். உள்விவகாரம் முழுக்கத் தெரிந்தவன் நான். ஒரு கை கொடுக்கலாம் என்று எழுந்து போனேன். குதிரை ஏறி முடிந்ததும் பார்த்தால் என் காலில் செருப்பில்லை. ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. மற்றவர்கள் செருப்பும் அங்கேதான் கிடந்தது.

டீச்சர் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார். குதிரை திருச்சியில் லாரி மாற வேண்டும். மறுநாள் அங்கத்து லாரி ஆபீஸிலிருந்து போன்.

“என்னண்ணே அனுப்பியிருக்கீங்க? அதுக்கு மேல ஒரு அட்டப்பொட்டி வைக்க லோடு ஆளுங்க விட மாட்டேங்குறானுங்க. கருவாட்டு மூட்டையோட ஏத்த மாட்டோம்னு கருவாட்ட எறக்கிப் போட்டானுங்க. கருவாட்டுக்காரரு இங்க வந்து குதிச்சிட்டு இருக்காரு.”

அன்றைக்கு அந்த லாரி போகவில்லை. டீச்சர் சாயங்காலம் போன் செய்து, “இன்னும் வரலியேய்யா, இவரு இன்னைக்குக் கஞ்சிகூட வேணாங்குறாரு” என்றார். வைக்கப்பிரி போனை என்னிடம் கொடுத்தான். பிரி திரிப்பதையும் நிறுத்திவிட்டான். அவன் விரல் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் டீச்சர். வைக்கப்பிரி போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“என்னய்யா பண்ணி வச்சிருக்க? லிஃப்ட்ல போகலன்னு நாலு பேரு தோள்ல தூக்கிப் படியேறி வந்தாங்க. ஹால்ல எறக்கி வச்சாங்க. இப்ப போக மாட்டேங்குறாங்க.”

பின்னால் ஒரு கோயம்புத்தூர்க் குரல் கேட்டது. “கண்ணத் தொறக்காம நாங்க எப்படிங்கம்மா போறது? திருச்சியிலயே சொல்லித்தானுங்க அனுப்புனாங்க.”

“எம்மகன் கத்திரிய எடுத்துக்கிட்டுப் போனான். கத்திரியெல்லாம் வைக்கக் கூடாதுங்குறாங்க. பக்கத்து பிளாட்டுக்காரங்க பூராவும் வந்து நிக்கிறாங்க. நான் இப்ப என்ன செய்ய?”

வைக்கப்பிரி போனுக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோனான். “சார ஒக்கார வச்சு கூட்டிட்டு வாங்க டீச்சர். அவரையே அவுக்கச் சொல்லுங்க.”

“அவருக்குக் கை வராதேய்யா.”

“எடது கை வரும்ல? சுருக்கு முடிச்சுதான் போட்டிருக்கேன். ஒத்தக் கையால இழுத்தா வந்துரும்.”

அவன் கட்டிய கட்டை அரிவாள் இல்லாமல் யாரும் அவிழ்த்ததில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் மேஜையில் கிடந்த கிளார்க்கின் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சக்கர நாற்காலி உருளுகிற சத்தம் வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. “யாரும் தொடாதீங்கப்பா, அவரே செய்வாரு” என்று டீச்சர் சொன்னது மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்த நேரத்தில், கரகரவென்று, துருப்பிடித்த கேட் திறப்பது போல ஒரு சத்தம். சார் சிரிக்கிறார் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. டீச்சர் அழுவதும் கூடச் சேர்ந்து கேட்டது.

இவன் விடவில்லை. “டீச்சர், காது இருக்கா?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு டீச்சர் சொன்னார். “இருக்குய்யா. ரெண்டும் இருக்கு.”

அன்றைக்கு அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, புக்கிங் போட வந்த இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் டீச்சர் என் போனுக்குத் தனியாகக் கூப்பிட்டார். துண்டை இழுத்ததும் குதிரையின் இடது காது அதோடு சேர்ந்து வந்து சாரின் மடியில் விழுந்ததாம். வழியிலேயே எங்கோ விட்டிருக்கிறது, துண்டுதான் பிடித்து வைத்திருந்திருக்கிறது. ஊரே கைகட்டி நிற்கும்போது தன் கையோடு காது வந்ததைப் பார்த்துத்தான் சாருக்கு அந்தச் சிரிப்பு. மகன் ஒட்ட வைக்கிறேன் என்றால் கொடுக்கவில்லையாம். காதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, குதிரையைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கஞ்சி குடித்தாராம்.

“பொட்டி கட்டினவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்கண்ணே. மனசு ஒடஞ்சு போவாரு” என்றார்.

நான் சொல்லவில்லை. இப்போதும் புதிதாக வருகிறவர்களிடம், “கோயம்புத்தூருக்கு ஒரு மண்ணு குதிர அனுப்பினேன் பாருங்க, காது நுனிகூடப் போகல” என்று அவன் நெஞ்சை நிமிர்த்தும்போது, நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்டுகிறேன். நான் வாயால் சொல்லச் சொல்ல எழுதிப் போடுகிற இந்தப் பத்திரிகையும் பழைய பேப்பரோடு எடைக்குப் போய் ஒருநாள் அவன் கைக்கு வரும். அவன் படிக்க மாட்டான். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கசக்கி, எதற்கோ வலிக்கிற இடத்தில் மெதுவாக வைப்பான். படித்த நீங்கள் யாராவது அவனிடம் சாமான் கட்டப் போனால், தயவுசெய்து அந்தக் காதைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள்.