மரிக்கொழுந்தின் வெள்ளை மார்பும் சிவப்புக் காலும்

ஒரு காட்டில் தண்ணீர் வற்றினால் முதலில் ஊற்று தோண்டுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நாம் போகப்போகும் காட்டில் முதலில் ஓர் அலுவலகம் திறந்தார்கள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு குட்டை. அதற்குப் போக இரண்டு வழி. ஒன்று செங்குத்தான பாறை வழி, நாலு தாவலில் தண்ணீர். மற்றது குன்றைச் சுற்றிப்போகும் நடைவழி. எல்லாரும் பாறை வழியிலேயே முண்டியடித்து ஒருவரை ஒருவர் மிதித்ததால் தர்பாரில் கூடிப் பேசிச் சட்டம் போட்டார்கள். வெள்ளைத் தசைக்காரர்களுக்குப் பாறை வழி, சிவப்புத் தசைக்காரர்களுக்கு நடைவழி. யார் எந்த வகை என்று சீட்டு வாங்கி வர வேண்டும். சட்டம் போட்டவர்களுக்குக் குகை வாசலிலேயே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

காட்டுக்கோழி மரிக்கொழுந்து விடிவதற்கு முன்பே வரிசையில் நின்றுவிட்டாள். உண்ணிச்செடிப் புதருக்குள் அவளுடைய நாலு குஞ்சுகள் இருந்தன. பொரிந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. நேற்றுக் காலையிலிருந்து அவற்றின் வாயில் ஈரம் படவில்லை. கடைக்குட்டிக்குக் கத்தக்கூடக் குரல் எழும்பவில்லை. இன்று பொழுது சாய்வதற்குள் தண்ணீர் காட்டாவிட்டால் அது பிழைக்காது.

அவள் முறை வந்தபோது உச்சிவெயில். கிளையை ஒரு கையால் பற்றியபடி எழுத்தர் தேவாங்கு பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் பிடித்த பிடி, இன்னும் விடவில்லை. கண்ணில் மட்டும் தூக்கம் சொக்கியது.

"பேரு?"

"மரிக்கொழுந்துங்க ஐயா."

"வெள்ளையா சிவப்பா?"

"அப்படின்னா என்னங்க ஐயா?"

பொன்னுரங்கம் பெருமூச்சு விட்டு விதிப்புத்தகத்தைப் பிரித்தார். "வெள்ளைத் தசைன்னா, உள்ளே சேத்து வச்ச சர்க்கரையை ஒரே மூச்சில எரிச்சுடும். காத்து வந்து சேரட்டும்னு காத்திருக்காது. பலம் ஜாஸ்தி, வேகம் ஜாஸ்தி. ஆனா கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள தீந்துபோயி கையை விரிச்சுடும். சிவப்புத் தசையில ரத்த ஓட்டம் அதிகம். மூச்சுக்காத்தை வாங்கி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமா எரிக்கும். பெரிய பலம் கிடையாது, ஆனா சாயங்காலம் வரைக்கும் சளைக்காது. நான் சிவப்பு. பாத்தாலே தெரியலையா?"

மரிக்கொழுந்து தன்னைத்தானே ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். ஆபத்து வந்தால் படபடவென்று மரத்துக்கு ஏறிவிடுவாள், ஏறியதும் சிறகைத் தூக்கக்கூட முடியாது. ஆனால் கிளறிக்கொண்டே நடக்கச் சொன்னால் காலையிலிருந்து அந்திவரை நடப்பாள்.

"எனக்கு மார்பு வெள்ளைங்க, காலு சிவப்புங்க."

"ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. கட்டம் ஒண்ணுதான் இருக்கு."

"எல்லா உடம்பிலயும் ரெண்டும் கலந்துதானே ஐயா இருக்கும்?"

"உடம்பில இருக்கலாம். படிவத்தில இல்லையே!" என்ற பொன்னுரங்கம் சிவப்பு என்று எழுதினார். "போயி சரிபார்ப்பு அதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. சதை என்ன நிறம்னு அவர் பாத்துச் சொல்லணும்."

அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்த நரி சீனிச்சாமிதான் சரிபார்ப்பு அதிகாரி. இந்த வேலைக்கு அவரைவிட அனுபவசாலி காட்டில் இல்லை. அவர் சரிபார்த்த முயல்கள் அத்தனையும் வெள்ளை என்று பதிவேட்டில் இருந்தது. சீட்டு வாங்கிக்கொள்ளத்தான் ஒரு முயலும் திரும்பி வரவில்லை.

"வாம்மா, வா. மேலோட்டமாப் பாத்தா நிறம் தெரியாது பாரு" என்று சொல்லிக்கொண்டே சீனிச்சாமி பாய்ந்தார்.

மரிக்கொழுந்து யோசிக்கவில்லை. மார்பு யோசிக்க விடவும் இல்லை. அடுத்த நொடி அவள் பொன்னுரங்கத்துக்குப் பக்கத்துக் கிளையில் இருந்தாள். சிறகு இரண்டும் ஈரத்துணியாகத் தொங்கின. இன்னொரு முறை பறக்கச் சொன்னால் செத்தே போவாள்.

"மார்பு வெள்ளை, திறக்காமலே தெரிஞ்சுபோச்சு. பாறை வழிச் சீட்டு தரவா?" என்றார் பொன்னுரங்கம்.

"குஞ்சுங்களால பாறை ஏற முடியாதுங்களே. எனக்கு நடைவழிதான் வேணும். காலைப் பாத்துச் சொல்லுங்க ஐயா."

பொன்னுரங்கம் புத்தகத்தைப் புரட்டினார். "அதுக்கு நடைத்தேர்வு உண்டு. நீ நடக்கணும், அதிகாரி பின்னாலயே வரணும். நீ களைச்சு உக்காந்துட்டா, அதுக்கப்புறம் அவர் திறந்து பாக்கலாம். அதுக்கு முன்னாடி மேல கை வச்சா வேலை போயிடும்."

சீனிச்சாமிக்கு வாயெல்லாம் பல். ராத்திரி பகல் பாராமல் ஓடுகிற கால் அவருடையது. ஒரு கோழி களைக்கும்வரை பின்னால் நடப்பது அவருக்கு ஒரு வேலையா?

மரிக்கொழுந்து இறங்கி, அலுவலக மரத்தைச் சுற்றி நடந்தாள். பின்னாலேயே நரி. அதன் மூச்சு வால் இறகில் சூடாகப் பட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, கால் மட்டும் நடுங்கவில்லை. பத்து அடி வைத்திருப்பாள்.

"நில்லுங்க!" என்றார் மேலேயிருந்து பொன்னுரங்கம். "பத்தடிக்கு ஒரு தரம் குறிப்பு எழுதணும். மூச்சு வாங்குதா, தள்ளாடுதா, தேதி, நேரம், மனுதாரர் கால்ரேகை. மூணு பிரதி."

சீனிச்சாமி எழுதினார். மரிக்கொழுந்து மூன்று பிரதியிலும் கால் பதித்துவிட்டு நடந்தாள். மறுபடி பத்தடி, மறுபடி மூன்று பிரதி. எட்டாவது சுற்றில் நரி பேனாவை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றிக்கொண்டது. பதினைந்தாவது சுற்றில் பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டு அவள் கழுத்தையே பார்த்தது.

"பக்க எண் போட்டாச்சா சார்?" என்றது மேலேயிருந்து குரல்.

போடவில்லை. முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

வெயில் மஞ்சளாகும்போது நரியின் கால் அப்படியே தெம்பாகத்தான் இருந்தது. பேனா பிடித்த விரல்கள்தான் மடங்க மறுத்தன. கோழியோ இன்னமும் நடந்துகொண்டிருந்தாள். நடுநடுவே பழக்கதோஷத்தில் மண்ணைக் கிளறிக்கூடப் பார்த்தாள்.

"எழுத்தரே, இவ களைச்சு விழுந்து, நான் திறந்து பாத்தா, அத்தோட முடிஞ்சுதா?" என்று தழுதழுத்தார் சீனிச்சாமி.

"அதெப்படி சார் முடியும்? திறந்து பாத்த அறிக்கை தனி. எலும்பு எத்தனை, இறகு எத்தனைன்னு எண்ணி எழுதணும். அஞ்சு பிரதி."

சீனிச்சாமி கொஞ்ச நேரம் இறகுகளையே வெறித்துப் பார்த்தார். காட்டுக்கோழிக்கு இறகு கொஞ்சமில்லை.

"காலு சிவப்புதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். பொன்னுரங்கம் சீட்டின் ஓரத்தில் ஏதோ குறித்து அவளிடம் கொடுத்தார்.

புதரிலிருந்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அவள் நடைவழிக்கு வந்தாள். வாசலில் காவலுக்கு ஓர் ஆமை. சீட்டை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தது. "காலுக்கு மட்டும்தானேம்மா சீட்டு இருக்கு? மார்பு வெள்ளைன்னு ஓரத்தில எழுதியிருக்கே. அதை உள்ளே விட முடியாது. இந்தக் குஞ்சுங்களுக்கும் சீட்டு இல்லை."

மரிக்கொழுந்து குஞ்சுகளைச் சிறகுக்குள் அள்ளி அணைத்துக்கொண்டாள். சூரியன் குன்றைத் தொட்டுவிட்டது. "போறது காலு மட்டும்தானுங்க. மத்ததெல்லாம் அது தூக்கிட்டுப் போற சாமான்."

ஆமை சீட்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தது. "சாமானுக்குத் தடை இல்லை. போ."

கால் நடந்தது. சாமான்கள் குட்டையில் அலகை நனைத்து, தலையை அண்ணாந்து விழுங்கின. கடைசியாகக் கடைக்குட்டியும் குடித்தது. குடித்துவிட்டு, காடே கேட்கும்படி ஒரு கத்து கத்தியது. மரிக்கொழுந்து அழுதுவிட்டாள்.

நீதி: பிழைத்துக் கிடக்க வேகமும் வேண்டாம், நிதானமும் வேண்டாம், உன்னைத் தின்ன வருகிறவருக்கு எழுத்து வேலை அதிகமாக இருந்தால் போதும்.