கையேடு முடியட்டும்

டக். கொஞ்ச நேரம் மௌனம். டக். மறுபடி மௌனம். டக்டக்.

போர்வைக்குள் இருந்தபடியே யோசித்தேன். குழாய் சொட்டுகிறதென்றால் இப்படி யோசித்து யோசித்துச் சொட்டாது. ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்கு வீட்டிலுள்ள சத்தமெல்லாம் அத்துப்படி. இது புதுசு. போர்வையை விலக்கினேன். வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் என் கணினி முன்னால் என் மனைவி. எறும்பு நசுக்குகிற நிதானத்தோடு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“தூங்குங்க. உங்க வேலையைத்தான் பண்றேன்.”

என் வேலை என்று அவள் சொன்னது சம்பளம் வாங்குகிற வேலையை இல்லை. அது ஒரு கம்பெனியின் கணினி அறையில் இராக்காவல். இயந்திரங்கள் விளக்கைச் சிமிட்டும். நானும் பதிலுக்குச் சிமிட்டுவேன். அங்கே என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட ஆளே இல்லை. அந்தத் தனிமையில் பொழுது போகாமல் நானாகக் கணினி கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு திறமூல மென்பொருள் குழுவில் போய் விழுந்தேன்.

திறமூல மென்பொருள் என்றால், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். எங்களுடையது வேலையைப் பங்கு போடும் மென்பொருள். ஆட்களையும் வேலைகளையும் சொன்னால் போதும், யாருக்கு எது, எப்போது என்று சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். அருமையான சாமான். ஒரே குறை, அதை எப்படிப் பயன்படுத்துவதென்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. செய்தவர்களுக்குத் தெரியும். அவர்களும் மெல்ல மறந்துகொண்டிருந்தார்கள்.

தன்னார்வலர்களைத் திரட்டிப் பயனர் கையேடு எழுதி முடிப்பேன் என்று நான் சபதம் செய்தேன். உடனே என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி. புதுப் பதிப்பு வெளியாவதற்குள் கையேடு வரவில்லை என்றால் பதவி வேறொருவருக்குப் போய்விடும் என்பதையும் சொல்லிவைத்தார்கள்.

தன்னார்வலர்கள் திரண்டார்கள். எழுதத்தான் ஒருவரும் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். நான் போடும் அறிவிப்புகளில் காற்புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். அவருக்குக் கமா என்று பெயர் வைத்தேன். ஒரு கால்நடை மருத்துவர் எதைச் சொன்னாலும் கட்டைவிரலை உயர்த்துவார். உயர்த்திய விரல் கீழே இறங்கி ஒரு எழுத்தைத் தட்டியதில்லை. ஒரு டாக்ஸி ஓட்டுநர் எப்போது கேட்டாலும் நாளைக்கு என்பார். நான் கெஞ்சினேன், அதிகாரம் பண்ணினேன், பாராட்டுப் பத்திரம் தருவதாக ஆசை காட்டினேன். பத்திரத்தின் நிறம் என்ன என்று ஒரு வாரம் விவாதித்தார்கள்.

ஜனநாயகம் தலைக்கேறி நான் ஒரு சட்டமும் போட்டிருந்தேன். கையேட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்; எழுதியதை மாற்றவோ நீக்கவோ இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். ஒருங்கிணைப்பாளருக்கும் விலக்கில்லை. ஒன்றுமே இல்லாத கையேட்டுக்கு அது ஒன்றுதான் காவல்.

இந்தக் கையேட்டால் வீட்டில் மட்டும் எனக்கு ஒரு லாபம் இருந்தது. பாத்திரம் கழுவணுமே என்பாள். கையேடு முடியட்டும் என்பேன். குளியலறை வழுக்குதே என்பாள். கையேடு முடியட்டும் என்பேன். அவளும் பகலெல்லாம் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக நின்றுவிட்டு வருகிறவள்தான். ஆனாலும் பதவியில் இருக்கிறவன் பாத்திரத்தில் கை வைக்கலாமா?

அவர்கள் எழுத மாட்டேன் என்கிறார்களே என்று ஒரு நாள் அவளிடம் புலம்பினேன். அவள் சொன்னாள்: “எங்க டாக்டர்கிட்ட வர்றவங்களும் அப்படித்தாங்க. எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேட்டா முழிப்பாங்க. நான் வேணும்னே நல்ல பல்லைத் தொட்டு, இதானேம்பேன். உடனே கையைத் தட்டிவிட்டு, அது இல்லம்மா இதுன்னு காட்டிருவாங்க.”

தன்னார்வலர்களைத் திரட்டுவது ஒரு சாஸ்திரம், பல் பிடுங்குவது போலில்லை என்று நான் அவளுக்கு விளக்கினேன். அவள் கொட்டாவி விட்டாள்.

அதற்கு மறுநாள்தான் இந்த டக்டக். எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன். தன் பெயரிலேயே குழுவில் சேர்ந்திருக்கிறாள். முதல் அத்தியாயம் என்று தலைப்புப் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: ‘மென்பொருளைத் திறப்பதற்கு முன் கணினியை அணைத்துவிடவும்.’

“மானம் போச்சு. எடுத்துடு.”

“எடுக்கணும்னா ரெண்டு பேர் ஒப்புதல் வேணுமாமே. யாரு போட்ட சட்டங்க அது?”

அதற்குள் குழுவில் கமா வந்துவிட்டார். காற்புள்ளி போடவில்லை. முழு அத்தியாயத்தையும் புதிதாக எழுதிப் போட்டார். கால்நடை மருத்துவர் முதல்முறையாகக் கட்டைவிரலைக் கீழே காட்டி, ஏன் தவறு என்று பக்கம் பக்கமாக விளக்கினார். ஓட்டுநர் இன்றே எழுதினார். எங்கேயோ ஓரமாக நிறுத்திவிட்டு எழுதினாராம், பொறுக்க முடியவில்லையாம்.

அவள் தினமும் ஒரு தப்பு விதைத்தாள். அவர்கள் தினமும் ஒரு அத்தியாயம் அறுவடை செய்து கொடுத்தார்கள். மாதக்கணக்கில் நான் மரியாதையாகக் கேட்டும் கிடைக்காதது, அவள் தப்பாகச் சொன்னதும் கொட்டுகிறது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பதவி பிழைக்கிறதே. வந்ததையெல்லாம் படிக்காமலே ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புதுப் பதிப்போடு கையேடும் வெளியானது. ஒருங்கிணைப்பாளருக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். அன்று ஓய்வாகச் சாய்ந்து உட்கார்ந்து, முதல்முறையாக அதைப் படித்தேன். நடுவில் ‘எடுத்துக்காட்டுக் குடும்பம்’ என்று ஒரு அத்தியாயம். கணவர், மனைவி. கணவருக்கு இரவில் வேலை, பகலில் வீடு. பாத்திரம், கணவர். குளியலறை, கணவர். துணி மடிப்பது, கணவர்.

பழைய வடிவத்தைத் தேடிப் பார்த்தேன். எல்லா வேலையும் மனைவிக்கு என்றுதான் அவள் முதலில் எழுதியிருக்கிறாள். குழுவே பொங்கி எழுந்துவிட்டது. சமமாகப் பிரிக்கும் மென்பொருளுக்கு இப்படியா உதாரணம், பகலில் வீட்டில் இருக்கிற அந்த ஆள் என்ன செய்கிறான் என்று கேட்டு, ஆளாளுக்கு ஒரு வேலையை அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதிகம் கட்டியவர் கமா.

உடனே அத்தியாயத்தை மாற்றக் கோரினேன். பிழை ஒன்றும் இல்லை என்றார் கமா. கால்நடை மருத்துவரோ, தன் மனைவி அதை அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டதாகவும் இனி தன்னாலேயே ஒன்றும் செய்ய முடியாதென்றும் எழுதினார்.

மனைவியைப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு யாரு ஒப்புதல் குடுத்தது?” என்றேன்.

“ஒண்ணு கமா.”

“இன்னொண்ணு?”

“கீழே பாருங்க.”

பார்த்தேன். ஒருங்கிணைப்பாளர் என்று போட்டிருந்தது.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நான் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய், பதவி வருவதற்கு முன்னால் எப்போதோ விட்ட இடத்திலிருந்து, பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.