மேற்படி கருத்துக்கு டிசைனர் பொறுப்பல்ல

தமிழ்நாட்டில் ஒரு படம் வெற்றி பெற்றுவிட்டால் அதற்காகத் துக்கம் காத்த ஒரே மனிதர் அன்னவாசல் இடைவேளை அண்ணன்தான். ஊர் பட்டாசு வெடிக்கும். இவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இழவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி தலைமுழுகி உட்கார்ந்திருப்பார். என்னை இத்தனை தடவை கோபப்படுத்திய இன்னொரு ஜீவன் இந்தப் பூமியில் கிடையாது. என் கடைக்குச் சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்போது என் மெடிக்கல் ஷாப். பக்கத்துக் கடை அவருடைய ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தில் எவர் முகம் பேனரில் சிரித்தாலும் அது அவருடைய கம்ப்யூட்டர் வழியாக வந்த சிரிப்புதான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆதார் கார்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததில்லை. எந்தப் படத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "அதுவா? நான் இடைவேளையிலயே எந்திரிச்சு வந்துட்டேங்க" என்பார். அதனால் அந்தப் பெயர்.

சும்மா சொல்வதில்லை. நிஜமாகவே எழுந்து வந்துவிடுவார். புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, கூட்டம் கைதட்டுகிறதா என்று காது கொடுப்பார். மூன்று தடவைக்கு மேல் கைதட்டல் விழுந்தால் போச்சு. "இம்புட்டுப் பேருக்கு ஒரே நேரத்துல புடிக்குதுன்னா அதுல ஏதோ கோளாறு இருக்குங்க" என்பது அவருடைய சித்தாந்தம்.

நான் ஐந்து தடவை பார்த்த படம் ஒன்று உண்டு. ஊரே கொண்டாடியது. நானும் கொண்டாடினேன், அதில் என்ன தப்பு? ஒருநாள் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்த ஒருவர் அந்தப் படத்துப் பாட்டை முணுமுணுத்தபடி நின்றார். பக்கத்துக் கடையிலிருந்து குரல் வந்தது: "இந்தப் பாட்டப் பாடினா காய்ச்சல் வராம வேற என்னங்க வரும்? மாத்திரைய விடுங்க, மொதல்ல பாட்ட நிறுத்தச் சொல்லுங்க." அவர் மாத்திரை வாங்காமலேயே போய்விட்டார். எனக்கு அன்று முழுவதும் பிபி இறங்கவில்லை. அதற்கான மருந்து என் கடையிலேயே ஒரு அலமாரி நிறைய இருந்தும்.

பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா? ரசிகர் மன்றத்துக்காரர்கள் பேனர் அடிக்க அவரிடம்தான் வரவேண்டும். அப்போது அன்னவாசலில் வேறு ஃப்ளெக்ஸ் கடை இல்லை. "'மாபெரும் வெற்றி'ன்னு பெருசாப் போடுங்கண்ணே" என்பார்கள். இவர் மவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு, "வெற்றின்னு யாரு சொன்னா?" என்று விசாரணையை ஆரம்பிப்பார். அரைமணி நேரம் வாக்குவாதம் நடக்கும். கடைசியில் அடித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் மனசாட்சி உறுத்துமே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பேனரின் அடியில், கடைப் பெயர் போடும் இடத்துக்குப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'மேற்படி கருத்துக்கு டிசைனர் பொறுப்பல்ல.'

மன்றத்துக்காரர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. அவரவர் போட்டோ சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கட்டப் போய்விட்டார்கள்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. மன்றத்து டிசைனையே வைத்துக்கொண்டு, படத்தையும் எழுத்தையும் மட்டும் மாற்றி, ஒரு காதணி விழாவுக்குப் பேனர் அடித்தார். அந்த அடி வரியை எடுக்க மறந்துபோனார். எங்கள் பக்கம் காதணி விழா பேனர் என்றால் காது குத்திக்கொள்ளும் குழந்தை மூலையில் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். மிச்சம் முழுவதும் தாய்மாமன்தான். வல்லத்திராக்கோட்டைத் தாய்மாமன் ஒருவர் கூலிங்கிளாஸோடு நிற்கிறார். தலைக்கு மேலே, 'பாசத்தின் சிகரமே! கொடையின் இமயமே!' காலடியில், பதினைந்துக்குப் பத்து சைஸ் பேனர் என்பதால் எறும்பு எழுத்து எலி எழுத்தாகப் பெருத்து, 'மேற்படி கருத்துக்கு டிசைனர் பொறுப்பல்ல.'

மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் நின்று நிதானமாகப் படித்திருக்கிறார்கள். மச்சான் வீட்டுப் பக்கத்தில் யாரோ, "டிசைனருக்கு விசயம் தெரிஞ்சிருக்குப்பா" என்று சொல்லப்போக, தாய்மாமன் சீர்வரிசைத் தட்டைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

"யோவ், எங்க அக்கா மகளுக்குத் தொட்டில்லேருந்து நான் செய்யிறேன்யா. நான் பாசத்தின் சிகரம் இல்லையா? ஒன் வாயால சொல்லு!"

இடைவேளை அண்ணன் என்ன செய்திருக்க வேண்டும்? கைகூப்பியிருக்க வேண்டும். செய்தாரா? "அது சினிமாவுக்குப் போட்டதுங்க. ஒங்களப் பத்தி எனக்குத் தனியாக் கருத்து எதுவும் இல்லைங்க" என்றார். நான் குறுக்கே விழுந்து தடுக்காவிட்டால் தட்டிலிருந்த தேங்காய்கள் அன்றைக்கு அவர் மண்டையில்தான் உடைந்திருக்கும். நன்றி சொன்னாரா? "நீங்க ஏன் நடுவுல வந்தீங்க, நான் பேசிக்கிட்டுல்ல இருந்தேன்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

இத்தனை படங்களைத் திட்டுகிறாரே, இவருக்குப் பிடித்தது எது? ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் உடனே போனில் தேடுவீர்கள், வேண்டாம். புதுக்கோட்டைத் தியேட்டரில் மூன்று நாள் இருந்த படம். அன்னவாசலிலிருந்து போய் அதைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"ஓடாத படத்தப் போயி..." என்று டீக்கடை சகாயம் ஆரம்பித்தால் போதும், வெடிப்பார்.

"ஓடுறதுக்கு அது என்ன டவுன் பஸ்ஸா? படம்னா நிக்கணும்ங்க!"

"அதான் நின்னுச்சே. மூணாம் நாளே நின்னுருச்சே" என்பார் சகாயம். ஆவூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய் வந்த கையோடு அடுத்தவரை வம்புக்கு இழுப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

கதை இதுதான். பஞ்சாயத்து டேங்கிலிருந்து தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிற ஒருவன். அவனுக்கும் அவனுடைய அண்ணனுக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தம்பிக்குப் பத்திரிகை வரவில்லை. கல்யாணத்தன்று பந்தி நடக்கும்போது தண்ணீர் தீர்ந்துபோகிறது. அன்றைக்கு அந்தத் தெருவுக்கு முறையும் இல்லை. தம்பி யாரிடமும் சொல்லாமல் அண்ணன் தெருவுக்கு வால்வைத் திறந்துவிட்டு, டேங்க் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறான். இதற்கு மேல் இடைவேளை அண்ணன் வாயால்தான் கேட்கவேண்டும்.

"கொழாயில தண்ணி வந்ததும் அண்ணங்காரனுக்குப் புரிஞ்சுபோச்சுங்க. பந்தியில பரிமாறுன கையோட டேங்குக்கு வாரான். முட்டி வலி, மேல ஏற முடியாது. கீழ நின்னு அண்ணாந்து பாக்குறான். பன்னெண்டு வருசத்துக்கப்பறம் ஒரே ஒரு வார்த்தைங்க. 'சாப்பிட்டியாடா?' அம்புட்டுதான். படம் முடிஞ்சுபோச்சு."

ஒவ்வொரு தடவையும் டீக்கடையில் ஒருத்தராவது மூக்கை உறிஞ்சுவார்கள். சகாயம் பாய்லர் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும். ஐந்து தடவை பார்த்த படத்தில் ஒரு தடவைகூட எனக்குக் கண் கலங்கவில்லை. இந்த மனுஷன் வாயால் சொல்லும் படத்துக்குக் கலங்குகிறது. இது என்ன நியாயம்?

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "அம்புட்டு நல்ல படம்னா ஏங்க ஒருத்தனும் பாக்கல? நீங்க எதையும் ஊதிப் பெருசாக்குற ஆளு."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "டிவியில என்னைக்காவது போடுவான். எல்லாரும் பாருங்க. அந்தக் கடைசி சீன்ல ஒங்க கண்ணுல தண்ணி வரலைன்னா, அதுக்கப்பறம் சினிமாவப் பத்தி இந்த ஊர்ல நான் வாயே தொறக்கமாட்டேன்."

எட்டுப் பேர் சாட்சி. சொன்னால் சொன்னபடி நடப்பவர் அவர், அதுதான் பயம். அவரிடமிருந்து சினிமாவை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு சட்டையும் ஒரு மவுஸும்தான்.

போட்டுவிட்டான். ஓடிய படங்களெல்லாம் தீர்ந்துபோனதோ என்னவோ, ஏதோ ஒரு சேனலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு என்று விளம்பரம் வந்தது. இடைவேளை அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பேனரே அடித்து சகாயம் கடை முன்னால் கட்டினார்: 'கண்ணீரோடு காணுங்கள்!' அடியில் எறும்பு எழுத்தில், 'மேற்படி கருத்துக்கு டிசைனரே முழுப் பொறுப்பு.'

டீக்கடை டிவி முன்னால் இருபது பேர் உட்கார்ந்தோம். முதல் பாதியைக் குற்றம் சொல்ல முடியாது. அண்ணன், தம்பி, மனஸ்தாபம், டேங்க் எல்லாம் அவர் சொன்னபடியே வந்தன. "நடிக்கிறான்யா" என்று சகாயமே ஒரு தடவை சொன்னார். இரண்டாம் பாதியில், தண்ணீர் திறந்துவிடுகிற தம்பி திடீரென்று வெளிநாட்டில் பனிக்கட்டி மேல் ஆடினான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது அவன் ரகசிய போலீஸ். குடிதண்ணீரில் விஷம் கலக்க வந்த பதினாலு பேரை டேங்க் மேலேயே வைத்து அடித்தான். அண்ணனைக் குண்டு துளைத்தது. அவர் நிதானமாக இரண்டு பக்க வசனம் பேசிவிட்டுச் செத்தார். கல்யாணம், பந்தி, முட்டி வலி, 'சாப்பிட்டியாடா' ஒன்றும் இல்லை. வணக்கம் போட்டுவிட்டான்.

எல்லாரும் திரும்பி இடைவேளை அண்ணனைப் பார்த்தோம். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்துபோயிருந்தது. தாய்மாமன் தேங்காயை ஓங்கியபோதுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

"எங்கங்க அந்த சீன்?" என்று சகாயம் வாயைத் திறந்தார்.

நியாயப்படி நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம் என் படத்தைத் திட்டியவர் ஒரேயடியாக வாயடைத்து நிற்கிறார். ஆனால் எனக்கு வந்தது கோபம். யார் மேல் என்றே தெரியாத கோபம். எழுந்து நின்று கத்திவிட்டேன்.

"வெட்டிட்டானுங்க சகாயம்! வெளம்பரம் போடுறதுக்காக நல்ல சீனையெல்லாம் வெட்டிட்டானுங்க! தியேட்டர்ல இருந்துச்சு. நானே பாத்தேன்!"

"நீங்க பாத்தீங்களா? இம்புட்டு நாளாச் சொல்லவே இல்லையே?"

"இவருகிட்டப் போயி ஒத்துக்க எனக்கு ரோசமா இருந்துச்சு!"

அது நம்பும்படியாக இருந்தது. எங்கள் சண்டை ஊரறிந்த விஷயம். ஒருத்தர் சேனல்காரனைத் திட்ட, இன்னொருத்தர் அவன் பரம்பரையைத் திட்ட, "அந்த சீன வெட்ட எப்படிய்யா மனசு வந்துச்சு" என்று சகாயம் டிவியை அணைத்தார். இடைவேளை அண்ணன் எழுந்து போனார்.

மறுநாள் நான் கடை திறந்ததும் வந்தார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க பாக்கலைல்ல?"

"இல்ல."

"நானும் பாக்கலைங்க" என்றார். "அன்னைக்குத் தியேட்டர்ல நான் ஒருத்தன்தான். பாதியில மேனேஜர் வந்து, ஒங்க ஒருத்தருக்காக ஓட்ட முடியாதுன்னு நிறுத்திட்டாரு. பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்தேன். அண்ணன் தம்பிய அப்படியே விட்டுட்டு ஊருக்கு வர மனசு வரலைங்க. அதான் நானாச் சேத்து வச்சிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாத்த மாதிரி ஆயிப்போச்சு."

எனக்கு மறுபடியும் தலைக்கேறியது. கேமராவும் பனிக்கட்டியுமாக நூறு பேர் அலைந்து எடுத்த அந்தக் குப்பையை, இந்த மனுஷன் அன்னவாசல் பஸ் வருவதற்குள் சரிசெய்திருக்கிறார். இவரைப் போய்த் தாய்மாமன்களுக்குக் கூலிங்கிளாஸ் ஒட்டவைத்திருக்கிறதே இந்த உலகம்! கடையை நான் திருச்சிக்கு மாற்றி நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

"கோவமாங்க?" என்றார்.

"ஆமா. சாப்பிட்டியாடான்னு அண்ணன் கேட்டதுக்குத் தம்பி என்ன சொன்னான்னு இத்தன நாளா நீங்க சொல்லவே இல்ல."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருந்துச் சீட்டோடு நின்ற இரண்டு பேரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன்.